ஆபரேஷன் தேதியை மூன்று மாதம் தள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 58. அயோர்ட்டிக் வால்வு கடுமையாகச் சுருங்கிவிட்டது, பிறவியிலேயே அதில் மூன்று இதழுக்குப் பதில் இரண்டுதான் என்று எக்கோவில் தெரிந்தது. ஆஞ்சியோகிராமில் ஒரு ரத்தக் குழாயில் அடைப்பும் இருக்கிறது. நெஞ்சைத் திறந்து வால்வை மாற்றி, அதோடு ஒரு பைபாஸும் செய்ய வேண்டும் என்கிறார் சர்ஜன். "மூன்று நான்கு வாரத்துக்குள் வைத்துக்கொள்ளலாம், உங்களுக்கு வசதியான தேதியைச் சொல்லுங்கள்" என்றார். என் மகளுக்கு இன்னும் பத்து வாரத்தில் இறுதித் தேர்வு. அவள் படிப்பு கெடக்கூடாது. தேர்வு முடிந்து நிதானமாக, மூன்று மாதம் கழித்துச் செய்துகொள்ளலாமா? பத்து வருடமாகச் சர்க்கரை உண்டு, மூன்று மாதச் சராசரி 8.4. ஹீமோகுளோபின் 10.8. ஒரு நாளைக்கு நாலைந்து சிகரெட். தயாராவதற்கு என்னென்ன செய்ய வேண்டும்? மற்றபடி நன்றாகவே இருக்கிறேன். போன வாரம் மாடி ஏறும்போது ஒரு தடவை கண் இருட்டியது, உட்கார்ந்ததும் சரியாகிவிட்டது. பசியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மாடி ஏறும்போது கண் இருட்டியதை உங்கள் சர்ஜனிடம் சொன்னீர்களா? சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. இதைப் படித்த கையோடு அவருக்கோ அவருடைய பிரிவுக்கோ போன் செய்து சொல்லிவிடுங்கள். மிச்சத்தை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

நான் இதய ஆபரேஷன்களுக்கு மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர். ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனையில் நோயாளிகளோடு உட்கார்ந்து பேசுவதும் எங்கள் வேலை. "மற்றபடி நன்றாக இருக்கிறேன்" என்று தொடங்குகிற வாக்கியத்துக்குப் பின்னால் வருவதை நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்போம். அங்கேதான் விஷயம் இருக்கும்.

இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் வாசலில் இருக்கும் கதவுதான் அயோர்ட்டிக் வால்வு. ஆரோக்கியமான வால்வு விரியும்போது அதன் வாய் மூன்று முதல் நான்கு சதுர சென்டிமீட்டர் இருக்கும். அது ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கீழே போனால் கடுமையான சுருக்கம் என்கிறோம். உட்கார்ந்திருக்கும்போது அந்தச் சிறிய வாய் வழியாகவே இதயம் சமாளித்துவிடும். மாடி ஏறும்போது கால் தசைகளின் ரத்தக் குழாய்கள் விரிந்து அதிக ரத்தம் கேட்கின்றன. இதயம் எவ்வளவு முக்கினாலும் அந்த வாயின் வழியே கூடுதலாக அனுப்ப முடிவதில்லை. ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குகிறது, மூளைக்குப் போவது குறைகிறது, கண் இருட்டுகிறது. உட்கார்ந்ததும் சரியாவதும் இதனால்தான். பசி மயக்கமாகவும் இருக்கலாம்தான். ஆனால் இந்த வால்வை வைத்துக்கொண்டு அப்படி ஊகித்து விட்டுவிட உங்களுக்கும் உரிமையில்லை, எனக்கும் இல்லை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? அமெரிக்க டாக்டர்கள் ஜான் ராஸும் யூஜின் பிரான்வால்டும் 1968-இல் எழுதிய ஒரு கட்டுரையை இன்றும் மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள். வால்வு சுருங்கியும் பல ஆண்டுகள் ஒரு தொந்தரவும் இல்லாமல் இருப்பார்கள். அறிகுறி தொடங்கிய பிறகு வரைபடம் செங்குத்தாக இறங்கும் என்று காட்டிய கட்டுரை அது. வால்வை மாற்றாமல் விட்டால், நெஞ்சுவலி வந்தவர்களுக்குச் சராசரியாக ஐந்து ஆண்டு, மயக்கம் வந்தவர்களுக்கு மூன்று, இதயம் பலவீனமாகி மூச்சு வாங்கியவர்களுக்கு இரண்டு. இது சராசரிக் கணக்கு. சராசரி என்றால் அதற்கு முன்பே போனவர்களும் அதில் உண்டு, சிலர் திடீரென்று. இந்த நோயில் தேதியைத் தீர்மானிப்பது அறிகுறிதான். அறிகுறி இல்லாதவர் என்று நினைத்து உங்கள் சர்ஜன் மூன்று நான்கு வாரம் கொடுத்திருந்தால், கண் இருட்டியதைக் கேட்ட பிறகு அவர் வேறு தேதி சொல்லக்கூடும். உடனே வந்து அட்மிட் ஆகுங்கள் என்றும் சொல்லலாம்.

ஆகவே உங்கள் கேள்விக்கு நேரான பதில்: மூன்று மாதம் தள்ளக்கூடாது.

"வசதியான தேதியைச் சொல்லுங்கள்" என்ற வார்த்தை உங்களைக் குழப்பியிருக்கிறது என்று நினைக்கிறேன். டாக்டர்கள் மரியாதைக்குச் சொல்கிற வாக்கியம் அது. அவர் கொடுத்த எல்லை மூன்று நான்கு வாரம். அதற்குள் செவ்வாயா வியாழனா என்பதில்தான் உங்கள் வசதி. எல்லையை நீட்டுவதற்கு அவர் சம்மதம் கொடுக்கவில்லை. சந்தேகம் இருந்தால் அவரிடம் இப்படிக் கேளுங்கள்: "இரண்டு வாரத்தில் செய்தால் என்ன, ஆறு வாரத்தில் செய்தால் என்ன வித்தியாசம்? இடையில் எது நடந்தால் நான் தேதிக்குக் காத்திருக்காமல் வர வேண்டும்?" இந்த இரண்டு கேள்விக்கும் தெளிவான பதில் வாங்காமல் அறையை விட்டு வெளியே வராதீர்கள்.

ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சுவலி, மயக்கம் அல்லது மறுபடி கண் இருட்டல், படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருப்பது, படபடப்பு நிற்காமல் ஓடுவது: இதில் எது வந்தாலும் ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைத்துக்கொள்ளும் நைட்ரேட் மாத்திரையை யாராவது நல்லெண்ணத்தில் நீட்டினால் வாங்கிக்கொள்ளாதீர்கள். அடைப்பு மட்டும் இருப்பவர்களுக்கு நல்லது செய்கிற அந்த மாத்திரை, வால்வு சுருங்கியவருக்கு ரத்த அழுத்தத்தைப் படுபாதாளத்துக்குத் தள்ளிவிடலாம். உங்கள் டாக்டர் உங்களுக்கென்று எழுதிக் கொடுத்திருந்தால் தவிர வேண்டாம்.

இனி மகளின் தேர்வு. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஆபரேஷன் இன்னும் இரண்டு மூன்று வாரத்தில் நடந்தால், ஒரு சிக்கலும் இல்லாத பட்சத்தில், ஒரு வாரம் போல ஆஸ்பத்திரியில் இருப்பீர்கள். அடுத்த இரண்டு வாரம் வீட்டில் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். பத்தாவது வாரம் அவள் தேர்வு எழுதப் போகும்போது நீங்கள் ஏழெட்டு வாரம் தாண்டியவர். தினமும் நடந்துகொண்டு, உங்கள் வேலையை நீங்களே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். தள்ளிப்போட்டால்? எப்போது மயங்கி விழுவாரோ என்கிற அப்பாவை அடுத்த அறையில் வைத்துக்கொண்டு அவள் படிக்க வேண்டும். தேர்வுக்கு முந்தின நாள் அவசரமாக ஆஸ்பத்திரிக்கு ஓட நேர்ந்தால் படிப்பும் போயிற்று, நிதானமும் போயிற்று. அவசரமாகச் செய்கிற ஆபரேஷனில் ஆபத்தும் கூடுதல். மகளிடம் விஷயத்தை மறைத்திருக்கிறீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். மறைத்திருந்தால் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்குப் பாதி தெரிந்திருக்கும். முழுதாகத் தெரியாததுதான் தூக்கத்தைக் கெடுக்கும்.

தேதியைத் தள்ளுவதற்கு நாங்களே காரணம் சொல்வதும் உண்டு. காய்ச்சல், சளியோடு இருமல், சிறுநீரில் தொற்று, நெஞ்சிலோ காலிலோ கொப்புளம், சீழ் பிடித்த பல், ஆஞ்சியோகிராமுக்குச் செலுத்திய சாயத்தால் சிறுநீரகம் கொஞ்சம் சுணங்கியிருப்பது, ரத்தம் உறையாமல் இருக்க எடுத்த மாத்திரையின் வேகம் இன்னும் அடங்காமல் இருப்பது. இதெல்லாம் சில நாள் அல்லது ஒன்றிரண்டு வாரச் சமாச்சாரம். அட்மிஷனுக்கு முந்தின நாள் லேசாகத் தொண்டை கரகரத்தால்கூட மறைக்காமல் சொல்லுங்கள். தேதி போய்விடுமே என்று மாத்திரை போட்டுக் காய்ச்சலை அமுக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. நெஞ்செலும்பை வெட்டி, புது வால்வு வைக்கப்போகிற உடம்பில் கிருமி எங்கேயும் இருக்கக்கூடாது. இன்னொன்று, குறித்த தேதியில் அவசர கேஸ் ஒன்று வந்தாலோ ஐ.சி.யூ-வில் படுக்கை காலியாகாவிட்டாலோ உங்கள் முறை ஒரு நாள் தள்ளிப்போகலாம். உடன் இருப்பவர்களின் விடுப்பை அதற்கும் கொஞ்சம் இடம் விட்டுப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

சரி, இருக்கிற இரண்டு மூன்று வாரத்தில் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

செய்யக்கூடாததை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் உங்களைப் போன்றவர்கள் உற்சாகத்தில் செய்துவிடுவார்கள். ஆபரேஷனுக்கு முன் உடம்பைத் தேற்றுகிறேன் என்று வேக நடை, ஜிம் என்று இறங்காதீர்கள். பைபாஸ் மட்டும் செய்யப்போகிற சிலருக்கு டாக்டர் மேற்பார்வையில் உடற்பயிற்சி சொல்வார்கள். உங்கள் வால்வுக்கு அது ஆகாது. வீட்டுக்குள், சமதளத்தில், மூச்சு வாங்காத அளவுக்கு நடந்தால் போதும். பாரம் தூக்க வேண்டாம். மாடி ஏறுவதை முடிந்தவரை தவிருங்கள். கண் இருட்டிய பிறகு வண்டி ஓட்டுவதையும் நிறுத்திவிடுங்கள்.

நீங்கள் தாராளமாகச் செய்யக்கூடிய பயிற்சி நுரையீரலுக்கானது. பிளாஸ்டிக்கில் மூன்று அறை, அறைக்கு ஒரு பந்து, ஒரு குழாய், இப்படி ஒரு சின்னக் கருவியைக் கொடுத்திருப்பார்கள். ஸ்பைரோமீட்டர் என்று பெயர். பத்துப் பேரிடம் கொடுத்தால் பலர் அதை ஊதுவார்கள். ஊதக்கூடாது. குழாயை வாயில் கவ்வி, ஸ்ட்ராவில் உறிஞ்சுவது போல மெதுவாக, நீளமாக உள்ளே இழுக்க வேண்டும். பந்து சட்டென்று மேலே போய் முட்டினால் அவசரப்படுகிறீர்கள் என்று அர்த்தம். மேலே போன பந்தை மூன்று முதல் ஐந்து விநாடி அங்கேயே நிறுத்தப் பாருங்கள். அப்புறம் வாயை எடுத்துவிட்டுச் சாதாரணமாக மூச்சு விட்டு, ஒரு சின்ன இடைவெளி கொடுத்து அடுத்தது. ஒரு தடவைக்கு ஐந்தாறு, நாளில் நாலைந்து வேளை. தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். இதை இப்போதே பழகிக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆபரேஷன் முடிந்த மறுநாள், நெஞ்செலும்பு வலிக்கிற நேரத்தில், பிசியோதெரபிஸ்ட் இதை உங்கள் கையில் திணிப்பார். புதிதாகக் கற்றுக்கொள்ள அது தோதான நாள் இல்லை. அடி நுரையீரல் சுருங்கி அங்கே சளி தங்கினால் நிமோனியா வரும். ஆழமாக மூச்சு இழுப்பதும் இருமித் துப்புவதும்தான் அதற்குத் தடுப்பு.

அதே போல இன்னொரு ஒத்திகையும் பாருங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரங்களுக்குக் கையை ஊன்றிப் படுக்கையிலிருந்து எழ விட மாட்டோம். இரண்டாக வெட்டிய நெஞ்செலும்பை ஸ்டீல் கம்பியால் கட்டியிருப்பார்கள். கையை ஊன்றி எம்பினால் இழுப்பு முழுக்க அங்கே போகும். இன்றிரவே பழகுங்கள்: ஒரு தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, முழங்காலை மடக்கி, உடம்பு மொத்தத்தையும் ஒரே பக்கமாகப் புரட்டுங்கள். காலை முதலில் கட்டிலுக்கு வெளியே தொங்க விடுங்கள். கால் இறங்குகிற எடையில் மேல் உடம்பு தானாக எழும்பும். நாலைந்து நாள் செய்தால் பழகிவிடும். இருமும்போதும் தும்மும்போதும் அதே தலையணையை நெஞ்சோடு இறுக்கிக்கொள்ள வேண்டும்.

சிகரெட்டை இன்றே விடுங்கள். குறைந்தது நாலு வாரம், முடிந்தால் எட்டு வாரம் முன்பே விட்டிருப்பது நல்லது. உங்களுக்கு அவ்வளவு காலம் இல்லை, அதனால் இன்று. "ஆபரேஷனுக்குக் கிட்டத்தில் விட்டால் சளி அதிகமாகும், அதனால் விடாமல் இருப்பதே மேல்" என்று ஒரு பழைய பேச்சு உண்டு. அதற்கு ஆதாரம் தேறவில்லை. ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு இறங்கிவிடும்; அந்த இடத்தில் ஆக்சிஜன் ஏறும். விட முடியாமல் தவித்தால் நிகோட்டின் மாத்திரை, பேட்ச் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

சர்க்கரை 8.4 என்பது அதிகம்தான். அதை 7-க்குக் கீழே கொண்டுவந்துவிட்டுத்தான் ஆபரேஷன் என்று யாராவது சொன்னால், அந்த அறிவுரை அறிகுறி இல்லாதவருக்குப் பொருந்தும். சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது. அதில் ஒட்டிய சர்க்கரையைத்தான் அந்த டெஸ்ட் அளக்கிறது. இன்றிலிருந்து நீங்கள் ஒழுங்காக இருந்தாலும் எண் முழுதாக இறங்க இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை காத்திருக்க உங்கள் வால்வு விடாது. ஆனால் அன்றாடச் சர்க்கரையை ஒன்றிரண்டு வாரத்தில் கட்டுக்குள் கொண்டுவர முடியும். தேவைப்பட்டால் தற்காலிகமாக இன்சுலின் போடுவார்கள். ஆபரேஷனின்போதும் பிறகும் டிரிப்பில் இன்சுலின் கொடுத்து 180-க்கு மேலே போகாமல் நாங்கள் பார்த்துக்கொள்வோம். சர்க்கரை ஏறினால் நெஞ்சுப் புண்ணில் சீழ் பிடிக்கும் ஆபத்து கூடும். இந்த ஆபரேஷனில் நாங்கள் பயப்படும் விஷயங்களில் அது ஒன்று.

ஹீமோகுளோபின் 10.8 என்பதை யாராவது உங்களிடம் விளக்கினார்களா? ரத்தம் குறைவாக இருந்தால் ஆபரேஷனில் ரத்தம் ஏற்றும் தேவை அதிகம். ஏன் குறைந்தது என்றும் பார்க்க வேண்டும். எட்வர்ட் ஹைட் என்ற டாக்டர் 1958-இல் ஒன்றைக் கவனித்து எழுதினார்: இந்த வால்வு சுருங்கிய சிலருக்குக் குடலில் ரத்தம் கசிகிறது. பிறகு காரணம் தெரிந்தது. குறுகிய வாய் வழியே ரத்தம் பீய்ச்சி அடிக்கும்போது, ரத்தம் உறைய உதவும் ஒரு புரதம் துண்டாகிவிடுகிறது. குடல் சுவரில் மெல்லிய ரத்தக் குழாய்கள் இருப்பவர்களுக்கு அங்கிருந்து சொட்டுச் சொட்டாகப் போகும். மலம் கருப்பாகப் போகிறதா என்று பார்த்து, போனால் சொல்லுங்கள். இரும்புச் சத்துக் குறைவு என்று தெரிந்தால், இரண்டு மூன்று வாரத்தில் மாத்திரையால் பெரிதாக ஏறாது. நரம்பில் ஏற்றும் இரும்பு ஊசி உண்டு, கேளுங்கள்.

இந்த வாரமே பல் டாக்டரைப் பாருங்கள். வாயிலிருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்து புது வால்வில் போய் உட்கார்ந்துவிட்டால் அதை விரட்டுவது மகா கஷ்டம். பிடுங்க வேண்டிய பல் இருந்தால் இப்போதே முடித்துவிட்டு, ஈறு ஆறுவதற்கு நாள் கொடுக்க வேண்டும். வால்வு சுருக்கத்தைப் பற்றியும் ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மாத்திரைகளைப் பற்றியும் பல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மருந்துகள் விஷயத்தில் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், நீங்களாக எதையும் தொடரவும் வேண்டாம். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பெயரை ஞாபகத்திலிருந்து சொல்வதை நான் நம்புவதில்லை. பொதுவான வழக்கம் இது: ரத்தம் உறையாமல் இருக்க க்ளோபிடோக்ரெல் எடுப்பவர்கள் ஐந்து நாள் முன்பு நிறுத்துவார்கள், பிரசுக்ரெல் என்றால் ஏழு நாள். ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள், அது சர்ஜன் முடிவு. சர்க்கரைக்கு டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரை இருந்தால் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும் ஆபத்து அதில் உண்டு, சர்க்கரை டெஸ்டை மட்டும் பார்த்தால் பிடிபடாது. பிரஷருக்கு எடுக்கும் சில மாத்திரைகளை அன்று காலை வேண்டாம் என்போம். இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் மெட்டோப்ரொலால் வகையையும் கொலஸ்ட்ரால் மாத்திரையையும் பொதுவாகத் தொடரச் சொல்வோம். மீன் எண்ணெய், மூலிகை மாத்திரை, சத்து பவுடர் எல்லாம் அந்தப் பையில் இருக்கட்டும். "அது மருந்தில்லையே" என்று வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது அவற்றைத்தான்.

எந்த வால்வு என்ற கேள்வியை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தேதிக்கு முன் அதை முடிவு செய்தாக வேண்டும். உலோக வால்வு நீண்ட காலம் உழைக்கும். ஆனால் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையும், அதன் அளவு சரியா என்று பார்க்கும் ஐ.என்.ஆர் ரத்த டெஸ்டும் ஆயுள் முழுக்கக் கூடவே வரும். திசு வால்வுக்கு வார்ஃபரின் ஆயுள் முழுக்கத் தேவைப்படாது; பத்துப் பதினைந்து வருடத்தில் தேய்ந்து இன்னொரு சிகிச்சை தேவைப்படலாம். 58 என்பது இரண்டுக்கும் நடுவில் நிற்கிற வயது. உங்கள் வேலை, மாத்திரையைத் தவறாமல் எடுக்கும் பழக்கம், மேலே சொன்ன குடல் கசிவு உண்டா இல்லையா, எல்லாம் இதில் சேரும். தொடை வழியாகக் குழாய் விட்டு வால்வு வைக்கும் முறை ஏன் கூடாது என்று உறவினர்கள் கேட்பார்கள். இந்த வயதில், இரண்டு இதழ் வால்வோடு, பைபாஸும் தேவைப்படும்போது திறந்து செய்வதைத்தான் பெரும்பாலான குழுக்கள் தேர்ந்தெடுக்கும்.

ஆஸ்பத்திரியில் சேரும் நாள்களைப் பற்றிச் சுருக்கமாக. வீட்டில் நெஞ்சு முடி, கால் முடியைச் சவரம் செய்துகொண்டு வராதீர்கள். பிளேடு போடும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி குடியேறும். அங்கே கிளிப்பரால் எடுப்பார்கள். முந்தின இரவும் அன்று காலையும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கரைசலால் குளிக்கச் சொல்வார்கள், தலைக்கு மேல் ஊற்றிக்கொண்டு ஓடாமல் மடிப்புகள் உட்பட நன்றாகத் தேயுங்கள். திட உணவுக்கு ஆறு மணி நேரம், தண்ணீர் போன்ற தெளிந்த பானத்துக்கு இரண்டு மணி நேரம் என்பது பொது விதி. உங்கள் ஆஸ்பத்திரி சொல்வதே கடைசி வார்த்தை.

உள்ளே என்ன நடக்கும்? பொதுவாக நாலைந்து மணி நேரம். நெஞ்சைத் திறந்து, இதய நுரையீரல் இயந்திரத்தில் உங்களை இணைத்து, பொட்டாசியம் அதிகமுள்ள கரைசலைச் செலுத்தி இதயத்தை நிறுத்துவோம். அசையாத, ரத்தமில்லாத இதயத்தில் சர்ஜன் வேலை செய்வார். 1953-இல் பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் அந்த இயந்திரத்தை வைத்து முதன்முதலில் வெற்றிகரமாக ஆபரேஷன் செய்தார்; இன்று இது எங்களுக்கு அன்றாட வேலை. ஆபத்து இல்லாமல் இல்லை. உங்களுக்கு எவ்வளவு என்பதை வயது, சிறுநீரகம், இதயத்தின் பலம் எல்லாம் போட்டுக் கணக்கிட எஸ்.டி.எஸ், யூரோஸ்கோர் என்று முறைகள் இருக்கின்றன. சர்ஜனிடம் எண்ணாகவே கேளுங்கள். "ஒன்றும் ஆகாது" என்ற ஆறுதலைவிட எண் கையில் இருப்பது நல்லது.

விழிக்கும்போது தொண்டையில் வென்டிலேட்டர் குழாய் இருக்கும், பேச முடியாது. குரல் போய்விட்டது என்று பயப்படாதீர்கள். தலையசைத்துப் பதில் சொல்லலாம், சில மணி நேரத்தில் எடுத்துவிடுவோம். மனைவியிடமும் மகளிடமும் முன்பே சொல்லிவையுங்கள்: முகம் உப்பியிருக்கும், நெஞ்சிலிருந்து இரண்டு மூன்று குழாய் தொங்கும், மானிட்டர் அடிக்கடி கத்தும். தெரியாமல் உள்ளே வந்து மயங்கி விழுந்த உறவினர்கள் உண்டு. மூன்று பேரில் ஒருவருக்கு, வால்வும் பைபாஸும் சேர்ந்தால் அதைவிட அதிகமானவர்களுக்கு, முதல் சில நாளில் இதயத் துடிப்பு தாறுமாறாகும். பெரும்பாலும் மருந்தில் அடங்கும். இரவில் குழப்பமாகப் பேசுவது, காரணமில்லாமல் அழுகை வருவதும் சகஜம். கண்ணாடி, காது கருவி இருந்தால் ஐ.சி.யூ-வுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். குழப்பம் குறைய அவை நிஜமாகவே உதவும்.

வீட்டுக்கு வந்தபின் தினமும் காலையில் எடை பாருங்கள். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினால் நீர் தங்குகிறது என்று அர்த்தம். 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், புண்ணிலிருந்து கசிவு, இருமும்போது நெஞ்செலும்பில் கிளிக் சத்தம், மூச்சு வாங்கல்: இதற்கெல்லாம் எந்த நம்பரைக் கூப்பிட வேண்டும், இரவில் யார் எடுப்பார்கள் என்று டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு வாரம் வரை வண்டி ஓட்ட வேண்டாம், நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம். எலும்பு கெட்டியாகச் சேர மூன்று மாதம் பிடிக்கும். டாக்டர் அனுமதித்ததும் இதய மறுவாழ்வுப் பயிற்சியில் சேருங்கள். இப்போது வேண்டாம் என்று நான் தடுத்த நடையை அங்கே ஆசை தீர நடக்கலாம்.

இரண்டு இதழ் வால்வு குடும்பத்தில் ஓடக்கூடியது. உங்களுடன் பிறந்தவர்களும் உங்கள் மகளும் ஒரு தடவை எக்கோ எடுத்துப் பார்த்துவிட வேண்டும். வலியில்லாத சோதனை, அதிக நேரமும் ஆகாது. அவளுக்குத் தொந்தரவு ஏதும் இல்லையென்றால் தேர்வு முடிந்த பிறகு எடுத்தால் போதும்.

அலுவலக விடுப்பு பற்றி ஒரு வார்த்தை. நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் பலர் திரும்புகிறார்கள்; உடலுழைப்பு என்றால் மூன்று மாதம். எட்டு வாரம் என்று எழுதிக் கொடுங்கள். முன்பே தேறிவிட்டால் விடுப்பைக் குறைத்துக்கொள்ளலாம். நாலு வாரம் கேட்டுவிட்டு ஒவ்வொரு வாரமாக நீட்டிக்க அலைவதுதான் தொல்லை.